பவர் வீடர் கிளம்ப மறுக்கிறதா? பிளக், காயில், சுவிட்ச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் கொடைக்கானல் மேல்மலையிலிருந்தும் எங்கள் பட்டறைக்கு வரும் பெட்ரோல் பவர் வீடர்களில் (களை எடுக்கும் இயந்திரங்கள்) பெரும்பாலானவை ஒரே புகாரோடுதான் வருகின்றன: கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிட்டது, இன்ஜின் கிளம்பவில்லை. வரும்போதே, பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலையும் புதிதாக வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்தக் காயில் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. களை தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும் நேரத்தில் ஒரு நாள் வேலையும் வீண்செலவும் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேள்விகளை விவசாயிகள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். இங்கே சொல்லும் அளவுகள் ஹோண்டா ஜி.எக்ஸ். 160, ஜி.எக்ஸ். 200 வகை நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கும் அதே அமைப்பில் வரும் மற்ற இன்ஜின்களுக்கும் பொருந்தும். உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

என் வீடரில் பேட்டரியே கிடையாது. பிளக்குக்குக் கரண்ட் எங்கிருந்துதான் வருகிறது?

கயிறு சுற்றியிருக்கும் மூடிக்குள்ளே கனமான ஒரு சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பில் காந்தம் பதித்திருப்பார்கள். பட்டறைகளில் அந்தச் சக்கரத்தையே மேக்னட் என்றுதான் சொல்வோம். அதற்கு மிக அருகில், தொட்டும் தொடாமலும், காயில் போல்ட் போட்டு நிற்கிறது. சக்கரம் சுழலும்போது காந்தம் காயிலைக் கடந்து போகிறது. காந்தப்புலம் மாறினால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தாரே, அந்த விதியில்தான் உங்கள் வீடரும் ஓடுகிறது.

காயிலுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. தடித்த கம்பியில் சில சுற்றுகள் மட்டும் கொண்டது முதல் சுருள். முடியளவு மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்டது இரண்டாவது சுருள். முதல் சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சரியான நொடியில் உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர் சட்டென்று துண்டிக்கிறது. அந்த அதிர்ச்சியில் இரண்டாவது சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் எழும்பி, பிளக்கின் முனையில் தீப்பொறியாகத் தாவுகிறது. வெளியிலிருந்து எந்த மின்சாரமும் இதற்கு வேண்டாம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பதில்களில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

என்னுடையது டீசல் வீடர். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. டீசல் இன்ஜினில் பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை. அழுத்தத்தில் சூடேறிய காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அதில் கிளம்பாத கோளாறு என்றால் டீசல் வழி, காற்றுப் பூட்டு, நாசில், அழுத்தம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

கயிறு இழுத்தால் கிளம்பவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் நான்கு விஷயங்கள். சிவப்பு சுவிட்ச் ஆன் பக்கம் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக் (கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) மூடியிருக்கிறதா, இன்ஜின் ஆயில் அளவு சரியா. ஆயிலுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சம்பந்தம் இருக்கிறது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

இவை சரியென்றால், சோக் போட்டு ஐந்தாறு முறை இழுத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. கோளாறு டேங்கிலோ கார்புரேட்டரிலோ இருக்கிறது, காயிலைத் தொட வேண்டாம். முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. அப்போதுதான் கரண்டைச் சந்தேகப்பட வேண்டும். அளவுக்கு மீறி நனைந்திருந்தால் பெட்ரோலை மூடி, பிளக் இல்லாமலே ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து சில முறை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டு, துடைத்த பிளக்கை மாட்டிப் பாருங்கள்.

மூன்று மாதம் சும்மா நின்றது. இப்போது கிளம்பவில்லை. கரண்ட் கோளாறுதானே?

பெரும்பாலும் இல்லை. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்ற டேங்கில் அடியில் தண்ணீர் சேர்வதும், கார்புரேட்டரின் சிறு துளை பிசின் பிடித்து அடைவதும் சாதாரணம். பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழுவி, புதிது ஊற்றிப் பார்த்த பிறகும் கிளம்பவில்லை என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று தோட்டத்திலேயே எப்படிப் பார்ப்பது? ஷாக் அடிக்காதா?

பிளக்கைக் கழற்றி அதன் கேப்பில் மறுபடி செருகுங்கள். பிளக்கின் மரையுள்ள உலோகப் பகுதியை இன்ஜின் தலையில் வெறும் உலோகம் தெரியும் இடத்தில் அழுத்தி வையுங்கள். பெயின்ட் மேல் வைத்தால் எர்த் கிடைக்காது, பொறியும் வராது. பிளக் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள். துளை வழியே பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பொறி பட்டால் குப்பென்று பற்றும். துளையில் ஒரு துணியைச் செருகி வைப்பது நல்லது. சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் கேனைத் தூரத்தில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். சுவிட்சை ஆன் செய்து கயிற்றை ஒரே வேகத்தில் இழுங்கள். மெதுவாக இழுத்தால் நல்ல காயிலும் பொறி தராது.

பிளக்கைப் பிடிக்க ரப்பர் பிடியுள்ள பிளையர் வேண்டும். வெறும் கையில் பிடித்தால் ஷாக் அடிக்கும், அந்த உதறலில் கை மூடியில் மோதிக் காயப்படும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

நீலம் கலந்து, டிக் டிக் என்று சத்தம் கேட்கும் பொறி நல்லது. மெல்லிய மஞ்சள் பொறியை நம்ப முடியாது. வெளிக்காற்றில் தாவும் பொறி சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாவாமல் போகலாம், அழுத்தமான காற்றில் தாவுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். அதனால்தான் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பொறி டெஸ்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஐந்தாறு மி.மீ. இடைவெளியைத் தாண்டுகிற பொறி என்றால் காயிலைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

சுத்தமாகக் கரண்ட் வரவில்லை. காயில் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் முழுப் பக்கத்தையும் எழுதுகிறேன் என்று சொன்னாலும் தகும். அவசரப்படாதீர்கள்.

வீட்டு விளக்கில் சுவிட்சைப் போட்டால் மின்சாரம் சேர்கிறது, அணைத்தால் பிரிகிறது. வீடரில் இது தலைகீழ். காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒயர் இன்ஜினை ஓட வைப்பதற்காக இல்லை, நிறுத்துவதற்காக மட்டுமே இருக்கிறது. ஆஃப் செய்யும்போது சுவிட்ச் அந்த ஒயரை இன்ஜின் பாடியோடு சேர்க்கிறது. முதல் சுருளின் மின்சாரம் எர்த்தில் இறங்கிவிடுவதால் பொறி பிறக்க வழியில்லாமல் இன்ஜின் நிற்கிறது. ஆன் என்றால் அந்த இணைப்பு பிரிந்திருக்கிறது என்று பொருள். ஆகவே அந்த ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்து பாடியைத் தொட்டாலும், சுவிட்சுக்குள் ஈரமோ மண்ணோ புகுந்தாலும், ஆஃப் செய்ததற்குச் சமம். காயில் நல்ல நிலையில் இருந்தும் பொறி வராது.

சோதனை எளிது. காயிலிலிருந்து வரும் கறுப்பு ஒயர் சுவிட்சுக்கு அருகே ஒரு கனெக்டரில் சேரும். அதைப் பிரித்து, இரண்டு முனையும் எதிலும் படாமல் விட்டுவிட்டு, முந்தைய பதிலில் சொன்னபடி பொறியைப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நலம், கோளாறு சுவிட்சிலோ ஒயரிலோ ஆயில் சென்சாரிலோ இருக்கிறது. அங்கே பிரித்தும் வரவில்லையென்றால் மூடியைக் கழற்றி, காயிலின் காலடியிலேயே அந்த ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள், ஏனெனில் மூடிக்கு அடியில் நசுங்கி எர்த் ஆகும் ஒயர்கள் நிறைய. அப்போதும் பொறி வராவிட்டால், பிளக்கையும் கேப்பையும் மாற்றிப் பார்த்த பிறகு, காயிலைச் சந்தேகியுங்கள்.

பிளக் கேப்பில் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது?

நிறைய வரும். இந்த வகை இன்ஜின்களில் கேப்பை இடது பக்கமாகத் திருகினால் ஒயரிலிருந்து கழன்று வரும். உள்ளே கூரான ஒரு திருகு ஒயரின் செம்பு நரம்புகளுக்குள் ஏறி நிற்கும். மழைக்காலம் கழிந்து அதைக் கழற்றிப் பாருங்கள், செம்பு பச்சை பூத்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். ஒயர் முனையில் அரை செ.மீ. வெட்டிவிட்டு, பளிச்சென்று தெரியும் செம்பில் கேப்பைத் திருகினால் அதோடு தீர்ந்தது. கேப்பில் முடிக்கீறல் போல வெடிப்பும் அதன் ஓரத்தில் கரிக்கோடும் தெரிந்தால் பொறி அந்த வழியாகப் பாடிக்குத் தாவுகிறது. மங்கிய வெளிச்சத்தில் கயிறு இழுத்தால் அந்தத் தாவலைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படிப்பட்ட கேப்பை டேப் சுற்றி ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

சுவிட்ச் ஒயரைப் பிரித்துவிட்டால் நன்றாக ஓடுகிறது. அப்படியே ஓட்டிக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த ஒயர் இல்லாவிட்டால் இன்ஜினை நிறுத்த உங்களிடம் உடனடி வழி எதுவும் இல்லை. கத்திகள் சுழலும் இயந்திரம் இது. வேட்டியோ சேலைத் தலைப்போ சிக்கினால், காலில் ஏறினால், ஒரு நொடியில் நிறுத்தியாக வேண்டும். புது சுவிட்ச் மலிவுதான். ஒயர் உரிந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி, சேர்த்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு, உரசாத வழியில் கட்டிவிடுங்கள்.

சுவிட்சை ஆஃப் செய்தாலும் இன்ஜின் நிற்காமல் ஓடுகிறதே, இது எப்படி?

காயிலைப் பற்றிய பதிலில் சொன்னதன் மறுபக்கம் இது. நிறுத்தும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சுவிட்சுக்கு எர்த் கிடைக்கவில்லை. சுவிட்ச் பொருத்தியிருக்கும் இடத்தில் துரு ஏறினாலும், புதிதாகப் பெயின்ட் அடித்தாலும் இப்படி ஆகும்.

அந்த நேரத்தில் நிறுத்த வேண்டுமானால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, சோக்கை முழுக்க மூடுங்கள், மூச்சடைத்து நின்றுவிடும். பெட்ரோல் டேப்பை மூடினாலும் நிற்கும், ஆனால் கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடும். ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைக்கும் கெடுதல், காயிலுக்கும் கெடுதல். தாவ இடமில்லாத உயர் வோல்ட் காயிலுக்குள்ளேயே வழி தேடி அதன் காப்பை எரித்துவிடும்.

சமநிலத்தில் ஓடுகிறது, மேட்டு நிலத்தில் மட்டும் அணைந்து அணைந்து போகிறது. காயில் லூஸா?

காயில் இல்லை, ஆயில். இந்த வகை இன்ஜின்களில் பலவற்றில் கிராங்க் பெட்டிக்குள் ஆயில் சென்சார் என்னும் ஒரு மிதவை சுவிட்ச் இருக்கிறது. ஆயில் அளவு குறைந்தால் அது நிறுத்தும் ஒயரை எர்த் செய்து இன்ஜினை அணைத்துவிடும். ஆயில் இல்லாமல் ஓடிப் பிஸ்டன் பிடித்துவிடாமல் காப்பதற்கான ஏற்பாடு. மேல்மலைப் பூண்டுத் தோட்டங்களில் சரிவில் இன்ஜின் சாயும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும். அளவு ஏற்கெனவே கொஞ்சம் குறைவென்றால் மிதவை இறங்கிவிடும். 20 டிகிரிக்கு மேல் சாய்த்து ஓட்டக் கூடாது என்றே ஹோண்டாவின் வரம்பு சொல்கிறது.

சமதளத்தில் இன்ஜினை மட்டமாக நிறுத்தி, ஆயில் ஊற்றும் வாயின் விளிம்பு வரை நிரப்புங்கள். சுமார் 0.6 லிட்டர் பிடிக்கும். வீடரைக் கத்திகளின் மேல் சாய்த்து நிறுத்திவிட்டு அளவு பார்த்தால் தவறான அளவைத்தான் காட்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நிரப்பிய பிறகும் பொறி வராவிட்டால் சென்சாரின் ஒயரை (வழக்கமாக மஞ்சள்) தனியாகப் பிரித்துச் சோதியுங்கள். பிரித்ததும் பொறி வந்தால் சென்சார் கெட்டிருக்கிறது. மாற்றுங்கள், பிரித்தே ஓட்டாதீர்கள். அந்தச் சென்சாரின் விலை எங்கே, முழு இன்ஜினின் விலை எங்கே.

பிளக் மாற்றி மாற்றிப் போட்டும் கறுத்துப் போகிறது. கரண்ட் குறைவா?

பிளக்கின் முனையைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரில் புழுதி அடைத்திருக்கும், அல்லது சோக்கைத் திறக்க மறந்து ஓட்டியிருப்பீர்கள். எண்ணெய்ப் பசையோடு கறுத்தால் ரிங் தேய்ந்து ஆயில் மேலே வருகிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது.

மலை மேல் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, கார்புரேட்டரோ சமவெளிக்கான அளவிலேயே பெட்ரோல் தருகிறது. 1,500 மீட்டருக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதானால் கார்புரேட்டரில் உயரத்துக்கான மாற்றம் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். கீழே வாங்கி மன்னவனூருக்கோ பூம்பாறைக்கோ கொண்டுபோன வீடரில் பிளக் கறுத்தால் காயிலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) போட்டால் தீரும். ஆனால் அதே இயந்திரத்தைத் திரும்பக் கீழே இறக்கினால் பழைய ஜெட்டையே மறுபடி போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் சூடாகிக் கெடும்.

கடையில் எந்த பிளக் என்று கேட்பது? மோட்டார் சைக்கிள் பிளக்கைப் போட்டால் ஆகாதா?

மரை சேர்கிறது என்பதற்காக எதையும் போடக் கூடாது. ஜி.எக்ஸ். 160க்கு உரியது என்.ஜி.கே. வரிசையில் பி.பி.ஆர். 6 இ.எஸ். முதல் எழுத்து 14 மி.மீ. மரையைக் குறிக்கும். ஆர் என்பது உள்ளே ரெசிஸ்டர் இருப்பதையும், 6 என்பது வெப்ப எண்ணையும், இ என்பது 19 மி.மீ. மரை நீளத்தையும் சொல்கின்றன. மரை நீளம் கூடினால் பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கும், குறைந்தால் பொறி குழிக்குள்ளேயே அடங்கிவிடும். வெப்ப எண்ணில் கவனம் வேண்டும்: என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக் (சூட்டை விரைவாகக் கடத்துவது), போஷில் எண் கூடினால் சூடான பிளக் (சூட்டை மெதுவாகக் கடத்துவது). ஒன்றின் எண்ணை வைத்து மற்றதை வாங்கக் கூடாது.

முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பெட்டியிலிருந்து எடுத்த புது பிளக்கையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்துதான் மாட்ட வேண்டும். மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். அலுமினிய மரை ஒருமுறை கோணலாகிவிட்டால் சரிசெய்வது பெரும்பாடு.

காயிலைக் கழற்றி மாட்டினேன். அதற்கும் மேக்னட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது?

0.4 மி.மீ., கூடக்குறைய 0.2. ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று போதும். காயில் போல்ட்டுகளைத் தளர்த்தி, காந்தம் காயிலின் நேர் எதிரே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, இடையில் கார்டைச் செருகுங்கள். காந்தமே காயிலை இழுத்துக் கார்டோடு அணைத்துக்கொள்ளும். அப்படியே போல்ட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிக் கார்டை உருவுங்கள். ஒரு சுற்று கையால் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி அதிகமானால் பொறி மெலியும், முக்கியமாகக் கயிறு இழுக்கும் மெதுவான வேகத்தில். சக்கரம் உரசிய தடம் காயில் கால்களில் பளபளவென்று தெரிந்தால் கிராங்க் பேரிங்கையும் ஆட்டிப் பாருங்கள்.

மல்டிமீட்டர் வைத்துக் காயில் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமா?

ஓரளவுதான். பிளக் ஒயர் முனைக்கும் காயிலின் இரும்புக் காலுக்கும் இடையே அளந்தால் மாடலைப் பொறுத்துச் சில ஆயிரம் ஓம் முதல் பதினைந்தாயிரம் ஓம் வரை காட்ட வேண்டும். முடிவில்லாத ஓம் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. அளக்கும்போது கேப்பைக் கழற்றிவிடுங்கள், அதற்குள்ளேயும் ரெசிஸ்டர் இருக்கலாம். ஆர் எழுத்துள்ள பிளக்கும் தன் பங்குக்குச் சுமார் 5,000 ஓம் காட்டும், அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் ஓம் சரியாக இருந்தும் கெட்ட காயில்கள் உண்டு. மீட்டரின் சின்ன பேட்டரியால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைச் சோதிக்க முடியாது, ஆயிரக்கணக்கான வோல்ட்டில் காப்பு தாங்குமா என்றும் சொல்ல முடியாது. அதனால் மீட்டரை விட டெஸ்டரில் தெரியும் பொறியையே நம்புகிறேன்.

அரை மணி நேரம் ஓடிவிட்டுத் திடீரென்று நிற்கிறது. ஆறிய பிறகு கிளம்புகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள் ஒரே முகத்தோடு வரும். ஒன்று, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து சரியாகிவிடும். மற்றொன்று, சூடானதும் கெடும் காயில். மெல்லிய கம்பியில் உள்ள முறிவு சூட்டில் விரிந்து பிரியும், ஆறினால் மறுபடி தொடும்.

பிரித்தறிய வேண்டுமானால் நின்ற அந்தக் கணமே செயல்பட வேண்டும். டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று சத்தம் கேட்டு, உடனே கிளம்பினால் மூடிதான். இல்லையென்றால் ஆறவிடாமல் பொறியைச் சோதியுங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறியபின் இருக்கிறது என்றால் இங்கே காயிலை மாற்ற நானே சொல்வேன். பட்டறைக்குக் கொண்டுவரும் நேரத்துக்குள் அது ஆறிவிடும், எங்களுக்கு எதுவும் தெரியாது. ஆகவே இந்தச் சோதனையைத் தோட்டத்தில் நீங்கள்தான் செய்ய முடியும்.

எலி கடித்த ஒயர், மழையில் நனைந்த வீடர் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

மூடியைக் கழற்றுவதிலிருந்து. வைக்கோலுக்குப் பக்கத்தில் நிறுத்திய வீடரின் மூடிக்குள் எலி கூடு கட்டும், காயில் ஒயரைக் கடித்துத் துண்டாக்கும். சைலன்சர் வாயில் குளவி மண் வைத்து அடைத்து, பொறி இருந்தும் கிளம்பாமல் போனதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காயில் கால்களும் காந்தத்தின் முகமும் துருப்பிடிக்கும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை முன்பு சொன்னபடி வையுங்கள். வேகத் தண்ணீர்க் குழாயால் வீடரைக் கழுவுவதானால் சுவிட்சையும் பிளக் கேப்பையும் பாலிதீன் பையால் மூடிக் கட்டிவிடுங்கள்.

பொறி நன்றாக வருகிறது, பெட்ரோலும் வருகிறது. ஆனால் கயிறு கையை வெடுக்கென்று பின்னால் இழுக்கிறது, கார்புரேட்டர் வழியாக டப் என்று வெடிக்கிறது. பேய் பிடித்ததா?

பொறி வருகிறது, வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. மேக்னட் சக்கரம் கிராங்க் தண்டின் கூம்பில் உட்கார்ந்திருக்கிறது. அது சரியான கோணத்தில் நிற்கிறதா என்பதைக் காட்டுவது அரைநிலா வடிவச் சின்னக் கீ. சக்கரத்தின் நட் தளர்ந்திருந்தாலோ, கத்தி பாறையில் இடித்து இன்ஜின் சட்டென்று நின்றாலோ அந்தக் கீ வெட்டுப்படும், சக்கரம் சற்று நகர்ந்துவிடும். இந்த இன்ஜின்களில் பொறி நேரத்தைத் திருகி மாற்ற முடியாது, சக்கரத்தின் இடம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

சக்கரத்தைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றுங்கள், சுத்தியலால் விளிம்பில் அடித்தால் காந்தம் விரிசல் விடும். கீயும் அதன் பள்ளமும் நேராக இருக்கின்றனவா பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கீயும் கெட்டதுதான். கூம்பில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, புதுக் கீ வைத்து, நட்டை 75 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த இறுக்கம்தான், கீ அல்ல.

எங்கள் அப்பா காலத்து மண்ணெண்ணெய் பம்ப்செட் இன்ஜினுக்கும் இதே வழிதானா?

அடிப்படை ஒன்றே, டிரான்சிஸ்டர் செய்யும் வேலையை அதில் பிளாட்டினம் பாயிண்டும் கண்டென்சரும் செய்கின்றன. 1902இல் ஜெர்மனியில் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் வோல்ட் மேக்னெட்டோவிலிருந்து பல பத்தாண்டுகள் பாயிண்ட்தான் ஆட்சி செய்தது. பாயிண்ட் முகத்தில் எண்ணெயோ கருகலோ இருந்தால் பொறி போய்விடும். நைஸ் உப்புத்தாளை இடையில் விட்டு மெல்லத் தேய்த்து, பிறகு சுத்தமான வெள்ளைக் காகிதத்தை விட்டு இழுத்துத் துடையுங்கள். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள்.

என்னுடையது செல்ஃப் ஸ்டார்ட் உள்ள பெரிய மாடல். சாவி திருப்பினால் டக் என்ற சத்தம் மட்டும் வருகிறது.

பேட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். சாவி திருப்பும் நேரத்தில் 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. முனைகளில் வெள்ளைப் பூப்பு, எர்த் ஒயரின் போல்ட் தளர்வு, செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்க்கும் சோலனாய்டு என்று அடுத்தடுத்துப் பாருங்கள். இருக்கை உள்ள தோட்ட டிராக்டர் என்றால் இருக்கை, கிளட்ச் சுவிட்சுகளும் உண்டு. ஆள் உட்கார்ந்து கிளட்ச் மிதிக்காவிட்டால் அவை செல்ஃபைச் சுற்றவிடாது.

கயிறும் உள்ள மாடலில் பேட்டரி செத்திருந்தாலும் கயிற்றால் கிளம்பும். பொறிக்குப் பேட்டரி தேவையில்லை என்று முதல் பதிலில் பார்த்தோம் அல்லவா.

பொறி மெலிவாக இருக்கிறது. பேட்டரியிலிருந்து காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் பலமாகுமா?

காயில் எரிந்துபோகும். மோட்டார் காரின் பழைய காயில் வேறு, இது வேறு. நிறுத்தும் ஒயரில் பேட்டரியின் மின்சாரம் பட்டாலே உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். வீடரில் விளக்கு மாட்டுகிறேன் என்று ஒயர்களைக் கலப்பவர்கள் இந்தக் கறுப்பு ஒயரைத் தொடவே கூடாது.

எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் புதுக் காயிலும் போட்டேன். அப்போதும் கரண்ட் இல்லை. இனி என்ன?

காயில் நிற்கும் தூண்களைப் பாருங்கள். அங்கே பெயின்டோ துருவோ இருந்தால் காயிலுக்கு எர்த் கிடைக்காது, சுரண்டி வெறும் உலோகமாக்குங்கள். பிறகு, காயிலைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சில மாடல்களில் இரண்டு விதமாகவும் போல்ட் சேரும், ஆனால் ஒரு விதத்தில்தான் வேலை செய்யும். பழைய காயிலோடு பக்கத்தில் வைத்து ஒயர் வெளிவரும் திசையையும் கால்களின் அமைப்பையும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது காந்தம். சக்கரத்தைக் கழற்றாமலே, காந்தத்தின் முகத்தருகே ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொண்டுபோங்கள். ஒன்றரை செ.மீ. தூரத்திலிருந்தே அதை இழுக்க வேண்டும். காந்தம் பலமிழப்பது அரிது, விரிசல் விட்டுத் தளர்ந்திருந்தால்தான் அப்படி ஆகும். இவை அனைத்தும் சரியாக இருந்தால், புதுக் காயிலை மாட்டும்போது நிறுத்தும் ஒயரையும் சேர்த்து மாட்டினீர்களா என்று யோசியுங்கள். மாட்டியிருந்தால் அதைப் பிரித்துவிட்டு இன்னொரு முறை இழுங்கள்.